கணினி அறிவியல் மாணவர் மன்றம்: பட்டறை, டீக்கடை, ஹேக்கத்தான், ஊர்சுற்றல் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்விகள்

வகுப்பு தொடங்கிய புதிதில் எங்கள் மன்றத்துக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தால் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆளாளுக்கு வாய்ஸ் போட்டுச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. நாங்கள் தஞ்சாவூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் மாணவர் மன்றம். கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம், பதிலும் அப்படித்தான் இருக்கும்.

மன்றத்தில் அப்படி என்னதான் நடக்கும்?

சனிக்கிழமை காலையில் லேபில் பட்டறை. புதன்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அரட்டை. செமஸ்டருக்கு ஒரு ஹேக்கத்தான், ஆண்டுக்கு ஒரு தடவை வேறு கல்லூரிகளும் வந்து கலந்துகொள்ளும் சிம்போசியம், தை பிறந்தால் பொங்கல், இடையில் எப்போதாவது பஸ் பிடித்து ஓர் ஊர்சுற்றல். இதில் எது படிப்பு, எது பொழுதுபோக்கு என்று கோடு கிழிப்பது கஷ்டம். பட்டறையில் வாயே திறக்காத பையன் டீக்கடையில் "அண்ணா, அந்த பாயிண்டர் மட்டும் புரியவே இல்ல" என்று ஆரம்பிப்பான், அங்கே பிஸ்கட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் கட்டம் கட்டமாகப் படம் போட்டுச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வான். டீக்கடையை நிறுத்தினால் பட்டறைக்கும் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்பது எங்கள் கணிப்பு, அதனால் இரண்டையும் ஒரே அக்கறையோடுதான் நடத்துகிறோம்.

கோடிங் சுத்தமாகத் தெரியாது. வரலாமா?

வரலாம். பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்துவிட்டு இங்கே சேர்ந்தவர்கள் நிறையப் பேர். தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றால் நாங்கள் எதற்கு?

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அங்கே எல்லாரும் இங்கிலீஷில் பேசுவார்களா?

பேச மாட்டார்கள். பட்டறை தமிழில்தான் நடக்கும். வேரியபிள், லூப், ஃபங்ஷன் எல்லாம் அதே பெயரில் வரும், விளக்கம் நாம் வீட்டில் பேசுகிற தமிழில். சந்தேகத்தை இங்கிலீஷில் யோசித்து, இலக்கணம் சரிபார்த்து, அதற்குள் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்களே என்று விட்டுவிடுகிற பழக்கம் வகுப்பில் பல பேருக்கு இருக்கிறது. அது இங்கே வேண்டாம். வீட்டில் படிக்க ஏதாவது வேண்டும் என்றால் கணியம் என்கிற இணைய இதழ் 2012 முதல் வருகிறது. லினக்ஸ், பைத்தான், மைஎஸ்கியூஎல் பற்றித் தமிழில் எளிமையான மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கும்.

சொல்லப்போனால், தமிழ் தெரிந்தவருக்கு மட்டுமே சுவாரசியமான பட்டறை ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. முதல் பைத்தான் பட்டறையில் எல்லோரையும் "காவிரி" என்று டைப் செய்து அதன் நீளத்தைக் கேட்கச் சொல்வோம். நமக்கு அது மூன்று எழுத்து. பைத்தான் 6 என்று சொல்லும். போன தடவை முன் வரிசையில் இருந்த ஒரு பொண்ணு "அக்கா, என் சிஸ்டத்துல கோளாறு" என்று கையைத் தூக்கினாள், பக்கத்து சிஸ்டத்திலும் 6, அதற்கடுத்ததிலும் 6. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் க ஒன்று, கால் ஒன்று, வ ஒன்று, மேல்விலங்கு ஒன்று, ர ஒன்று, மறுபடியும் மேல்விலங்கு ஒன்று, ஆறு குறியீடு. அதையே யூடிஎஃப்-8 என்கிற முறையில் கோப்பில் சேமித்தால், குறியீட்டுக்கு மூன்றாக 18 பைட். அப்புறம் அந்தச் சொல்லைத் திருப்பிப் போடச் சொல்வோம். "ரிவிகா" வர வேண்டும். வருவதோ, முன்னால் ஒரு புள்ளி வட்டத்தில் மேல்விலங்கு அநாதையாகத் தொங்க, பின்னால் "ரிவாக". லேபே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எழுத்து என்றால் என்ன, குறியீடு என்றால் என்ன, பைட் என்றால் என்ன என்று மூன்றையும் பிரித்துச் சொல்லிவிடலாம். இங்கிலீஷ் சொல்லை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மூன்றும் பெரும்பாலும் ஒரே எண்ணாக வந்து நிற்கும், வித்தியாசம் தெரியாமலேயே டிகிரி முடிந்துவிடும்.

இதன் அடுத்த கட்டம் பாமினி, யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துரு. ஊரில் டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் இன்னும் பாமினியில் அடிக்கிறார்கள். அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன நிரல் எழுதுவதுதான் வேலை. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாதா என்று ஆரம்பிப்பார்கள். "கொ" வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். பாமினியில் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று தட்டு. யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால், மொத்தம் இரண்டுதான். ஆக, வரிசையை மாற்றி, இரண்டு துண்டை ஒன்றாக்க வேண்டும். ஸ்ட்ரிங் பாடத்தை இதைவிட நன்றாக நடத்த எங்களுக்குத் தெரியவில்லை.

லேப்டாப் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை. லேபில் சிஸ்டம் இருக்கிறது, இருவருக்கு ஒன்று என்று உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை. ஒருவர் அடிக்க ஒருவர் பார்த்துச் சொல்வது நல்ல பழக்கம்தான். வீட்டில் போனை வைத்துப் பழகலாம். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்கிற ஆப் போட்டால் பைத்தான், சி, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மூன்றுமே ஓடும். பெரிய வேலை என்றால் பிரௌசரில் கூகுள் கோலாப். சின்னத் திரையில் அடைப்புக்குறி தட்டுவது எரிச்சலான வேலை என்பது எங்களுக்கும் தெரியும், ஆனால் அப்படிப் பழகியவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் பழைய லேப்டாப் இருக்கிறது. உயிர் கொடுக்க முடியுமா?

இதற்குத்தான் லினக்ஸ் நிறுவல் நாள் வைக்கிறோம், பெரும்பாலும் செப்டம்பரில். அந்த மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையை உலகம் முழுக்க மென்பொருள் சுதந்திர நாளாகக் கொண்டாடுகிறார்கள், நமக்கும் ஒரு சாக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப்பைக் கேட்கும், அண்ணன் அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அந்த மாதிரி மெஷினில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான பதிப்பைப் போட்டால் கல்லூரிப் படிப்பு முடியும் வரை ஓட்டலாம். ஓர் 8 ஜிபி பென் டிரைவ் கொண்டு வாருங்கள், உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

புது லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்துப் போடுகிறவர்கள் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். நிறைய விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் நீங்கள் கேட்காமலேயே போடப்பட்டிருக்கும். பயாஸில் போய் செக்யூர் பூட் (Secure Boot) அமைப்பை மாற்றியதும் அடுத்த முறை நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும், அந்தக் கணக்கை லேப்டாப் வாங்கிய கடைக்காரர் ஏதோ ஒரு மெயில் போட்டு உருவாக்கியிருப்பார், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அதனால் முந்தின நாளே அந்த எண்ணை எடுத்து நோட்டில் எழுதி, முக்கியமான ஃபைலை வேறு இடத்தில் சேமித்துவிட்டு வாருங்கள். நோட்டில் எண் இல்லாவிட்டால் நாங்கள் மெஷினைத் தொட மாட்டோம். கோபித்துக்கொள்ளக் கூடாது.

சர்டிஃபிகேட் உண்டா? ஓடி (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைக் கணக்கு) கிடைக்குமா?

வந்து உட்கார்ந்ததற்கு சர்டிஃபிகேட் கிடையாது. ஒரு காலத்தில் கொடுத்துப் பார்த்தார்கள் என்று சீனியர்கள் சொல்வார்கள், கையெழுத்துப் போட ஒரு கூட்டம், கடைசி அரைமணியில் வாங்கிப்போக ஒரு கூட்டம், நடுவில் லேப் காலி. ஏதாவது செய்து முடித்தால் அதைக் கிட்ஹப்பில் உங்கள் பெயரிலேயே ஏற்றச் சொல்வோம், இன்டர்வியூவில் அதைக் காட்டலாம். ஓடி, சிம்போசியத்துக்கும் வெளிக் கல்லூரிப் போட்டிகளுக்கும் மட்டும். சனிக்கிழமை பட்டறைக்கு ஓடி கேட்பவர்களே, சனிக்கிழமை உங்களுக்கு வகுப்பே இல்லை.

சந்தா எவ்வளவு?

கிடையாது. டீயும் வடையும் அவரவர் காசு. ஊர்சுற்றலுக்கு பஸ் டிக்கெட் அவரவர் காசு, அக்கா தங்கச்சிகளுக்கு டவுன் பஸ்ஸில் அதுவும் இல்லை.

கடைசி பஸ் போய்விடுமே?

டே ஸ்காலர்கள் எல்லோரும் கேட்பது, கேட்கவும் வேண்டியது. ஒரத்தநாடு, பாபநாசம், நீடாமங்கலம், வலங்கைமான் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு டவுனுக்கு வந்து, அங்கிருந்து ஊருக்குள் போகிற பஸ் மாற வேண்டும், அந்த இரண்டாவது பஸ்தான் பிரச்சினை. அதனால் புதன் அரட்டை ஐந்தேகாலுக்கு முடிந்துவிடும். மேற்கொண்டு பேசுகிறவர்கள் ஹாஸ்டல் ஆட்கள், அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் எழுந்து போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முக்கியமான அறிவிப்பு எதையும் ஐந்தேகாலுக்குப் பிறகு சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி.

ஹேக்கத்தானையும் இதனால்தான் ராத்திரி நடத்துவதில்லை. சனி, ஞாயிறு இரண்டு பகல், காலை எட்டரை முதல் சாயங்காலம் ஐந்து வரை. ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கோடு எழுதுவதில் ஒரு கெத்து இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. விடிகாலை மூன்று மணிக்கு எழுதிய நிரலை, எழுதியவரே காலை ஒன்பது மணிக்குப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது, ஜட்ஜ் எப்படிப் புரிந்துகொள்வார்? அதோடு, ராத்திரி வைத்தால் வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பாதி வகுப்பை வெளியே நிறுத்திவிட்டு நடத்துகிற போட்டியில் ஜெயித்து என்ன?

பொண்ணுங்க வருவாங்களா? வீட்டில் அம்மா கேட்கச் சொன்னாங்க.

வருகிறார்கள், பட்டறை எடுப்பவர்களிலும் பொறுப்பில் இருப்பவர்களிலும் இருக்கிறார்கள். லேபில் நடக்கும் எல்லாவற்றுக்கும் ஸ்டாஃப் இன்சார்ஜ் கூட இருப்பார். வெளியூர் போனால் ஒரு சாரும் ஒரு மேடமும் கட்டாயம். அம்மாவுக்குப் பேச வேண்டும் என்றால் மேடமே போனில் பேசுவார், கூச்சப்படாமல் சொல்லுங்கள். டீக்கடைக்கு வரத் தயக்கமாக இருந்தால் அதே நேரத்தில் கேன்டீனில் ஒரு மேசை இருக்கும், அங்கே சீனியர் அக்காக்கள் உட்காருவார்கள்.

ஹேக்கத்தான் என்றால் ஹேக் பண்ணுவதா?

இல்லை. யாருடைய இன்ஸ்டாகிராமையும் திறந்து தர மாட்டோம், கேட்கவும் வேண்டாம். கொடுத்த நேரத்துக்குள் ஒரு பிரச்சினைக்கு ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்து காட்டுவதுதான் ஹேக்கத்தான்.

விவசாயத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று ஐடியா இருக்கிறது. ஈரப்பத சென்சார்...

நில்லுங்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஹேக்கத்தானிலும் ஒரு டீமாவது மண்ணில் குத்தும் ஈரப்பத சென்சார், ஆர்டுயினோ என்கிற ஒரு சின்னக் கணினிப் பலகை, ஈரம் குறைந்தால் தானாக மோட்டார் ஓடும் என்று வந்து நிற்கிறது. யூடியூபில் பார்த்திருப்பார்கள். சொட்டுநீர்த் தோட்டத்துக்கு அது சரி. இங்கே சம்பா நட்ட வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது அந்த சென்சார் "ஈரமாக இருக்கிறது" என்று சொல்லி யாருக்கு என்ன? அப்பா வயலுக்குப் போகிற பையனே இதைக் கொண்டு வந்து வைக்கும்போதுதான் வருத்தமாக இருக்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்க "காய்ச்சலும் பாய்ச்சலும்" முறை இருக்கிறது. ஓட்டை போட்ட ஒரு பிவிசி குழாயை வயலில் இறக்கி, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது. குழாய்த் துண்டும் அளவு குச்சியும் போதும், பேட்டரி வேண்டாம், ப்ளூடூத் வேண்டாம்.

டெல்டாவில் கேள்வி பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 அன்று திறப்பார்களா, முறைப்பாசனத்தில் நம்ம வாய்க்காலுக்கு எந்த நாள், கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பது ஒன்று. அறுவடைக்கு அப்புறம் கொள்முதல் நிலையம் இன்னொன்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது விதி. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து மோதும், களத்தில் கொட்டிய நெல்லைத் தார்பாய் போட்டு மூடிக் காத்துக் கிடப்பார்கள், தளர்வு கேட்டு மனு போகும். இந்த நிலையத்தில் இன்று எத்தனை மூட்டை எடுக்கிறார்கள், எனக்கு முன்னால் எத்தனை பேர், நாளை மழையா என்று ஒரு சாதாரண குறுஞ்செய்தியில் சொல்கிற ஒன்றைச் செய்து காட்டுங்கள். பார்க்க ஒன்றும் இருக்காது, ஒரு டேட்டாபேஸ், ஒரு வரிசை, ஒரு எஸ்எம்எஸ். எங்கள் ஜட்ஜ்கள் அதற்குத்தான் மார்க் போடுவார்கள். போட்டிக்கு முந்தின வாரம் ஒரு நாள், டீமோடு ஏதாவது ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போய் அரை நாள் நின்றுவிட்டு வரச் சொல்வதும் அதனால்தான்.

வெளிப் போட்டிகளுக்கு அனுப்புவீர்களா?

அனுப்புவோம். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017 முதல் நடக்கிறது. டீமுக்கு ஆறு பேர், அதில் ஒருவராவது பெண். முதலில் கல்லூரிக்குள் ஒரு தேர்வுச் சுற்று, அதை நாங்கள்தான் நடத்துகிறோம். கடைசி நிமிடத்தில் ஆறாவது ஆளைத் தேடி வராண்டாவில் ஓடுகிற டீம்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம், இப்போதே பேசி வையுங்கள். ஐசிபிசி என்கிற நிரல் எழுதும் போட்டி வேறு ரகம். மூன்று பேர், ஒரே கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். வேகமாக டைப் அடிப்பவர் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கீபோர்டு ஒன்றுதான் என்பதால் மற்ற இருவரும் தாளில் யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் இதற்கு ஒரு குழு உட்காருகிறது.

மேப்பத்தான் என்று போஸ்டரில் பார்த்தேன். அது என்ன?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம், 2004-ல் தொடங்கியது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அதில் வரைவதுதான் மேப்பத்தான். நாங்கள் வாய்க்கால் வரைகிறோம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவது எல்லோருக்கும் தெரியும், அவை வரைபடத்திலும் இருக்கும். அதற்குக் கீழே போகப் போக, உங்கள் ஊர் மதகிலிருந்து கிளம்பும் கன்னி வாய்க்காலுக்குப் பெயரே இருக்காது, பல இடங்களில் கோடும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு போட்டுவிடலாம், பெயரும் திசையும் ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

திசை ஏன் முக்கியம் என்றால், அந்த வரைபடத்தில் வாய்க்காலைத் தண்ணீர் ஓடுகிற திசையிலேயே வரைய வேண்டும். தலைப்பில் ஆரம்பித்து வால் வரை. வாலிலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் மேட்டுக்கு ஏறுகிறது என்று அர்த்தமாகிவிடும், அதை நம்பி வெள்ளக் கணக்குப் போடுகிறவர் பாடு திண்டாட்டம். இன்னொரு சண்டையும் ஒவ்வொரு தடவையும் வரும். இது பாசன வாய்க்காலா, வடிகாலா? வரைபடத்தில் இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. நம் பக்கத்தில் மேல் ஊருக்கு வடிகாலாக இருப்பது கீழ் ஊருக்குப் பாசனமாக இருக்கும். மேல் ஊர்ப் பையனும் கீழ் ஊர்ப் பையனும் ஒரே சிஸ்டத்தில் உட்கார்ந்து அடித்துக்கொள்வதைப் பார்க்கவே வரலாம். முடிவு தெரியாவிட்டால் வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் யாரையாவது போனில் பிடிப்போம், அவருக்குத் தெரியாத வாய்க்கால் கிடையாது.

வருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா பாட்டியிடம் உங்கள் ஊர் வாய்க்கால்களின் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். பைக்கில் போகும்போது பார்த்த போர்டை நம்பாதீர்கள், போர்டில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர் என்று இருக்கும். இரண்டையும் பதிவு செய்ய இடம் உண்டு.

ஊர்சுற்றல் என்றால் ஐவி (இண்டஸ்ட்ரியல் விசிட்) மாதிரியா?

ஐவி என்றால் பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் குரூப் போட்டோ, அப்புறம் ஷாப்பிங் என்று எல்லோருக்கும் தெரியும். இது ஒரு நாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒன்று தரங்கம்பாடி. 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டை, கடற்கரை, மீன் சாப்பாடு எல்லாம் இருக்கிறது, ஆனால் நாங்கள் போவது அச்சுக்காக. 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் தமிழ் கற்றுக்கொண்டு அங்கே அச்சுக்கூடம் வைத்தார், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் நிறையச் செலவாயிற்று, அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இருக்கிற தாளுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டுமே என்கிற அந்தக் கவலையை முந்நூறு ஆண்டு கழித்து வேறு விதத்தில் பட்டிருக்கிறார்கள். 247 எழுத்து உள்ள மொழிக்கு யூனிகோடில் ஒதுக்கியது 128 இடம், அதனால்தான் உயிர்மெய்யை இரண்டு துண்டாக வைத்திருக்கிறது, அதனால்தான் நம்ம காவிரி 6 ஆனது. எழுத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் டேஸ்16 என்ற குறியீட்டை உருவாக்கினார்கள், 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு அதையும் தரமாக ஏற்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைப் பற்றி விவாதம் நடக்கும், தூங்க நினைப்பவர்கள் முன் சீட்டில் உட்காரவும்.

இன்னொன்று கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீடு. சாஸ்திரா பல்கலைக்கழகம் நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. சின்ன வீடு, கால் மணியில் பார்த்துவிடலாம். டிசம்பர் 22, தேசிய கணித நாளை ஒட்டிப் போவோம், பரீட்சை நடுவில் வந்தால் தள்ளிவைப்போம். போகிற பஸ்ஸில் ஒரு கணக்கு கொடுப்போம். ராமானுஜன் எண் என்று சொல்கிற 1729, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சின்ன எண். அடுத்த எண்ணைக் கண்டுபிடிக்க நிரல் எழுத வேண்டும், போனிலேயே. விடை 4104, இங்கேயே சொல்லிவிட்டோம், ஏனென்றால் விடையைக் கேட்டு யாரும் டிபன் வாங்கித் தரப்போவதில்லை. யார் எழுதியது குறைந்த நேரத்தில் ஓடுகிறது என்பதுதான் போட்டி. ஜெயித்தவருக்கு டிகிரி காபி. அரியர் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்கலாம், ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டு உதவித்தொகையையே இழந்தவர். இதை வீட்டில் சொல்லிப் பார்க்காதீர்கள், எடுபடாது.

சிம்போசியத்தில் முதலாமாண்டுக்கு என்ன வேலை?

நாற்காலி போடுவது, ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன் மேசையில் உட்காருவது, சாப்பாட்டுக் கூப்பன் கிழிப்பது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த மேசையில் ஒரு நாள் உட்கார்ந்தால் வேறு கல்லூரிப் பிள்ளைகள் எப்படித் தயாராகி வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். சாப்பாடு பற்றாமல் போவது எந்த சிம்போசியத்திலும் நடக்கும். எங்களுக்கு இருக்கிற ஒரே கௌரவம், வெளியூர்க்காரர்கள் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம்.

பொங்கலுக்கு டெக்னிக்கல் ஈவென்ட் உண்டா?

கிடையாது. அன்றைக்கு லேப்டாப்பைத் திறந்தால் பிடுங்கி வைத்துவிடுவோம். பானை, கரும்பு, கோலம், உறியடி, அவ்வளவுதான். டிபார்ட்மென்ட் வாசலில் எல்லோரும் சேர்ந்து வைக்கிற பொங்கல், யார் வீட்டில் என்ன சாமி என்று யாரும் கேட்பதில்லை. வெல்லம் போடுகிற பதம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கவும்.

சாட்ஜிபிடி வைத்துக் கோடு எழுதலாமா?

முதல் மூன்று பட்டறையில் வேண்டாம். அப்புறம் பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனை: எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் அது எதற்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி. ஹேக்கத்தானிலும் இதே விதிதான்.

இதெல்லாம் பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?

நேரடியாக உதவும் என்று சொன்னால் பொய். ஆப்டிட்யூட் ரவுண்டில் வாய்க்கால் திசையைக் கேட்க மாட்டார்கள். ஆனால் "நீ செய்த ஒரு ப்ராஜெக்ட் பற்றிச் சொல்" என்று கேட்கும்போது, கடையில் காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ஒப்பிப்பவருக்கும், பாமினி மாற்றி எழுதி "கொ"வில் முட்டி மோதியவருக்கும் இரண்டாவது கேள்வியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் கேள்விக்கு இருவரும் நன்றாகத்தான் சொல்வார்கள்.

வேறு டிபார்ட்மென்ட், வேறு கல்லூரி?

வேறு டிபார்ட்மென்ட் தாராளமாக. தமிழ்த் துறைக்காரர்கள் வந்தால் எழுத்துருப் பட்டறை களைகட்டும். வேறு கல்லூரி என்றால் ஐடி கார்டோடு வாருங்கள், கேட்டில் செக்யூரிட்டி அண்ணனிடம் பெயர் கொடுத்து வைக்க வேண்டும், இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும்.

எனக்குத் தெரிந்ததை நானே சொல்லிக்கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம். புதன் அரட்டையில் ஐந்து நிமிடம் பேசுங்கள், ஸ்லைடு வேண்டாம், போனில் காட்டினால் போதும். ஒருவர் தன் அப்பாவின் உரக்கடைக் கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்ட கதையைச் சொன்னார், கடன் சொல்லி வாங்குகிறவர்களின் பட்டியலில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்ததும் அவர்களைப் பிரிக்கத் தெரு பெயர், பட்டப்பெயர் என்று பத்தி பத்தியாகச் சேர்த்ததும்தான் விஷயமே. பிரைமரி கீ என்றால் என்ன என்று அன்றைக்குப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. சரியாக வந்தால் அதையே சனிக்கிழமை பட்டறையாக மாற்றலாம்.

மழை என்றால்?

கலெக்டர் லீவு விட்டால் நமக்கும் லீவு. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை எந்தத் தேதியையும் பென்சிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாவிட்டாலும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று ஒன்று இருக்கிறது. அது சனிக்கிழமையில் விழுந்தால் லேப் கிடையாது, அன்றைக்கு வராண்டாவில் தாளில் அல்காரிதம் போடுவோம். கிட் பற்றிய முதல் பட்டறையை இப்போது வேண்டுமென்றே தாளில்தான் நடத்துகிறோம், கிளை பிரிவதையும் சேர்வதையும் வரைந்துவிட்டு அப்புறம் கட்டளை தட்டினால் பயம் போய்விடுகிறது.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டு வரணும்?

நோட்டு, பேனா, ஐடி கார்டு. லேப்டாப் இருந்தால் சார்ஜரோடு. வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சும்மா கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பெயர் எழுதி ஒட்டிவிட்டு. லேபில் பிளக் பாயிண்ட் பற்றாது, பெயர் எழுதாத பாக்ஸ் திரும்பக் கிடைக்காது. சனிக்கிழமை பத்து மணிக்கு, இரண்டாவது மாடி லேப், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரவும்.